இரவல் சர்க்கரை

மணவாளனுக்கு ஊசி என்றால் பயம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் அவர் கிரேன் ஓட்டுகிறார். நாற்பதடி உயரத்தில், ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பழுத்துச் சிவந்த இரும்புக் கட்டிகளை உலையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் அடுத்த பக்கம் இறக்கிவைப்பது அவருடைய இருபத்திரண்டு வருட வேலை. அதில் ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. ஆனால் ஒரு நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தால் போதும், உட்கார்ந்த இடத்திலேயே சட்டை நனைந்துவிடும்.

அதனால், 'புதன்கிழமை காலை மருத்துவ முகாம், வெறும் வயிற்றில் வரவும்' என்ற தாளை அறிவிப்புப் பலகையில் பார்த்த அன்றைக்கே அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன வருட முகாமன்று லீவு போட்டுத் தப்பியிருந்தார்; இந்த முறை அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. பயம் ஊசிக்கு மட்டும் இல்லை. அவருடைய அப்பா சர்க்கரை வியாதியில் முதலில் ஒரு கால் விரலையும் பிறகு பாதத்தையும் இழந்தவர். மணவாளனோ ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறவர். ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. ஆலை வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பரீதா, "மணவாளண்ணே, உங்களுக்கு டீயில சர்க்கரைய போடறனா, சர்க்கரையில டீய ஊத்தறனான்னு எனக்கே தெரியல" என்பாள். ரத்தம் எடுத்தால் என்ன வரும் என்று அவருக்குள் ஒரு ஊகம் இருந்தது. அது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இல்லை.

அன்று மாலை பரீதா கடையில் வைத்து அவர் பாக்கியராஜைப் பிடித்தார். பாக்கியராஜ் அதே ஆலையில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஃபிட்டர். எளாவூரிலிருந்து பைக்கில் வருகிறவன். முப்பத்தொன்பது வயது. சவுக்குக் கழி மாதிரி உடம்பு. கிரேன் ஏணியில் ஒரே மூச்சில் ஏறி இறங்குவான். முகாம் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும் என்பதால் பட்டியலில் அவன் பெயர் கிடையாது.

"பாக்கி, எனக்கோசரம் ஒரு வேல செய்வியா?"

"இன்னாணா, சொல்லு."

"புதன்கெழம என் பேர்ல போயி ரத்தம் குட்துட்டு வந்துரு."

பாக்கியராஜ் கிரீம் பன்னைக் கடித்தபடி யோசித்தான். "மாட்டிக்கினா?"

"யாரு கண்டுபுடிப்பாங்க? மெட்ராஸ்லேர்ந்து வர்ற நர்சுங்க. அவுங்களுக்கு உன்னயும் தெரியாது, என்னயும் தெரியாது. என் ஹெல்மெட்ட மாட்டிக்கினு போ. பேரு அதுலயே கீது."

"என் ரத்தம் உனக்கு ஒத்துக்குமாணா?"

"எனக்கு ஏத்தவாடா போறாங்க? உன் ஒடம்புல ஒரு கிராம் கொழுப்பு கெடையாது. உன் ரத்தம் பன்னீர் மாதிரி இருக்கும். போயி எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடு. ஒரு வாரம் உனக்கு கிரீம் பன்னு என்து."

அது போதுமானதாக இருந்தது. புதன்கிழமை காலை மணவாளன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கேன்டீனில் மேசை போட்டு நான்கு நர்சுகள். 'மணவாளன்' என்று மூன்று முறை கூப்பிட்டும் பாக்கியராஜ் அசையவில்லை. பின்னால் நின்றவர் ஹெல்மெட்டில் தட்டியதும்தான் எழுந்து ஓடினான். வயது நாற்பத்தெட்டு என்று படிவத்தில் பார்த்த நர்ஸ், "உடம்ப நல்லா மெயின்டெயின் பண்றீங்க சார்" என்றாராம். அதைச் சொல்லும்போது பாக்கியராஜுக்கு வெட்கம் தாங்கவில்லை. மணவாளனுக்கும் தன்னைத்தான் பாராட்டியது போலிருந்தது.

அவர்கள் இருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. போன வருடம் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் பாதி, சைக்கிள் ஸ்டாண்டில் பறந்துகொண்டிருந்ததை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி எபினேசர் பார்த்திருந்தார். அதனால் இந்த வருடம் எல்லா ரிப்போர்ட்டையும் வீட்டில் இருப்பவர்களுடைய செல்போனுக்கே அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மணவாளன் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, மனைவி ரோஜா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கே ரவிக்கை தைப்பவள். அவள் மிஷினை நிறுத்துவது அபூர்வம்.

"யோவ். எரநூத்தி பதினாலு."

"இன்னா எரநூத்தி பதினாலு?"

"உன் சர்க்கர. வெறும் வயித்துல."

மணவாளன் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். முதலில் வந்தது திகில். அப்பாவின் கால் கண்முன் வந்து போனது. அடுத்த நொடியே, அது தன் ரத்தம் இல்லை என்று நினைவுக்கு வந்து அப்பாடா என்றிருந்தது. அதற்கும் அடுத்த நொடி, அப்படியானால் அது யாருடையது என்பது உறைத்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ரோஜா முதலில் திட்டுவாள், பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஊசி போடவைப்பாள். 'மிஷினு தப்பா காட்டியிருக்கும்' என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். 'அவன் ஏணியில ஏர்றத பாத்தா சர்க்கரக்காரன் மாதிரியா கீது?'

"இன்னாய்யா பேசாம நிக்கற?"

"அதிர்ச்சியா கீது ரோஜா."

"இருக்கட்டும். நீ டீய வுடமாட்ட, அது எனக்குத் தெரியும். சர்க்கரைய மாத்திடலாம். நானே பாத்து முடிவு பண்றேன்."

முதலில் வந்தது நாட்டுச்சர்க்கரை. இது மணவாளனுக்குப் பிடித்துவிட்டது. மூன்று ஸ்பூனுக்கு நான்காகப் போட்டுக்கொண்டார். இப்படியே காலம் போய்விடும் என்று நிம்மதியாக இருந்தபோது, சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். ரோஜா பெருமையாக டப்பாவைக் காட்டினாள்.

"அக்கா, ஒருத்தன் வெள்ள சட்டைய கழட்டிட்டு காக்கி சட்ட போட்டுக்கினா வேற ஆளாயிடுவானா?" என்றார் நர்ஸ். "ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே இதுங்களோட கூட்டாளிங்க."

ரோஜா முந்தின நாள்தான் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கியிருந்தாள். வாங்கியது வீணாகக் கூடாதென்று அதையும் ஒரு முறை போட்டுப் பார்த்தாள். பால் திரிந்து டீ தயிராக வந்தது. மணவாளன் அதையும் குடித்துவைத்தார். மறுநாள் கருப்பட்டி பக்கத்து வீட்டுக்குப் போனது.

அடுத்தது சீனித்துளசி. நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில் சொல்லிவைத்து, செடியாகவே வாங்கி வந்து, இலையைக் காயவைத்துப் பொடித்தாள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. டீயை வாயில் வைத்திருக்கும்போது இனிக்காது. விழுங்கி, டம்ளரைக் கீழே வைத்து, வேறு விஷயம் பேச ஆரம்பித்த பிறகு இனிப்பு வந்து சேரும். வந்த இனிப்பு போகும்போது ஒரு கசப்பை விட்டுவிட்டுப் போகும். ஆரம்பாக்கத்தில் குடித்த டீயின் கசப்பு கும்மிடிப்பூண்டியில் இறங்கும்வரை மணவாளனுடன் பயணம் செய்தது.

பிறகு அதிமதுரம். டீ இருமல் மருந்து ஆனது. பிறகு மருந்துக்கடையில் விற்கும் சின்ன வில்லைகள். அழுத்தினால் 'டிக்' என்று ஒன்று விழும் டப்பா. ஒன்று போதும் என்று ரோஜா சொல்லியிருந்தாள். அவள் திரும்பிய நேரத்தில் மணவாளன் ஆறு டிக் அடித்தார். அன்று முழுக்க கிரேன் சங்கிலியை நக்கிய மாதிரி இருந்தது நாக்கு.

வெளியே குடிக்கலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருந்தது. பரீதா கடையில் பணம் அனுப்ப வைத்திருந்த அட்டையில் அவளுடைய செல் நம்பர் இருந்தது. ஆலைக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள் ரோஜா அதைக் குறித்துக்கொண்டு போயிருந்தாள்.

"மணவாளண்ணே, உங்களுக்கு வித்தவுட்தான்" என்றாள் பரீதா. "ரோஜாக்கா போன் பண்ணாங்க. ஒரு துளி சர்க்கர போட்டாலும் கடைக்கு முன்னால வந்து ஒக்காந்துக்குவேன்னாங்க. எனக்கு எதுக்குண்ணே பேஜாரு?"

"இருபத்திரெண்டு வருசமா ரயில்ல டிக்கெட் எடுத்துக்கினு வர்றவன் நானு. கடைசில டீயில வித்தவுட்டு ஆயிட்டேன்" என்றார் மணவாளன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் பாக்கியராஜ், சர்க்கரை தூக்கலாக ஒரு டீயை உறிஞ்சிக்கொண்டு, "பாவம்ணா நீ" என்றான்.

எல்லாவற்றையும்விட மணவாளனை உறுத்தியது வேறொன்று. ரோஜாவும் அதே டீயைத்தான் குடித்தாள். திரிந்த டீ, இருமல் மருந்து டீ, சங்கிலி டீ, எல்லாவற்றையும். "நீ இன்னாத்துக்கு இத்த குடிக்கற? உனக்கு சர்க்கர போட்டுக்கோயேன்" என்று அவர் சொன்னதற்கு, "நீ கசப்பா குடிக்கறத பாத்துக்கினு நான் எதிர்ல ஒக்காந்து இனிப்பா குடிக்கணுமா? அது இன்னா பொழப்பு?" என்றாள். அன்று இரண்டு டம்ளரையும் மணவாளனே கழுவி வைத்தார்.

ரோஜா தினமும் சாப்பாட்டு நேரத்தில், சர்க்கரை நோய் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை உரக்கப் படிப்பாள். அடிக்கடி தாகம். அடிக்கடி சிறுநீர். காரணம் இல்லாமல் உடல் மெலிதல். ஆறாத புண். நாற்பது நாளில் அது மணவாளனுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

ஒரு நாள் மதியம் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியராஜ் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்தான். கால் மணி நேரத்தில் கழிப்பறைப் பக்கம் நடந்தான். திரும்பி வந்து மறுபடியும் பாட்டிலை எடுத்தான். மறுபடியும் நடந்தான். சட்டை தோளில் தொங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தான். இடது காலில் ஷூவுக்குப் பதில் செருப்பு. ஏனென்று கேட்டதற்கு, "தகடு கீறிச்சுணா, மூணு வாரமாச்சு, ஆறவே மாட்டேங்குது" என்று நேற்றுதான் சொல்லியிருந்தான்.

மணவாளனுக்குக் கூண்டுக்குள் வியர்த்தது. உலைச் சூட்டினால் இல்லை. அந்தப் பாதம் அப்பாவுடைய பாதமாகத் தெரிந்தது. ஷிப்டு முடிந்ததும் இறங்கி ஓடி, கழிவு இரும்பு குவித்திருந்த இடத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனார்.

"பாக்கி, அந்த எரநூத்தி பதினாலு உன்துடா."

"இன்னாணா உளர்ற? ரிப்போர்ட்டு யார் பேர்ல வந்துது?"

"என் பேர்ல."

"யார் ஊட்டுக்கு வந்துது?"

"என் ஊட்டுக்கு."

"யாரு இத்தினி நாளா டயட்ல கீறது?"

"நான்தான்."

"அப்ப சர்க்கர யாருக்கு?"

மணவாளனுக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. "டேய், ரத்தம் உன்துடா!"

"குட்தாச்சு இல்ல? குட்தப்பறம் அது உன்து. டிக்கெட்டு யார் பேர்ல கீதோ அவன்தான பேசஞ்சரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் பாட்டிலைத் திறந்த கை மூடியைக் கீழே போட்டது. குனிந்து எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் சந்தேகமாதாண்ணா கீது. ராவுல நாலு தபா எழுந்திருக்கறேன். ஆனா கான்ட்ராக்டர் காதுல வுழுந்தா நாளைக்கே வேற ஆள எடுத்துக்குவான். தெரியாம இருக்கறது நல்லது இல்ல?"

இதே வாக்கியத்தை மணவாளனும் தனக்குள் பல முறை சொல்லியிருக்கிறார். இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

"வெளிய போயி எடுக்கலாம். பஜார்ல ஒரு லேப் கீது. யாருக்கும் தெரியாது. நானும் எடுக்கறேன்."

"நீ எதுக்கு?"

"எனக்கு ஊசின்னா பயம்டா. அதான் உன்ன அனுப்புனேன். நீ கூட வந்து கையப் புடிச்சிக்கோ."

பாக்கியராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். நாற்பதடி உயரத்தில் நெருப்பைத் தூக்கிப் போகும் மனிதர். "மெய்யாலுமேவா?" என்றான். பிறகு சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரகசியமாகப் போய்விட்டு வருவதாகத் திட்டம். ஆனால் மணவாளன் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது ரோஜா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"சும்மா... பஜார் வரைக்கும்."

"நானும் உன்ன பஜாருக்குத்தான் கூட்டினு போலாம்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஆவப்போவுது. மறுபடி டெஸ்டு எடுக்கணும். நான் போட்ட இலையும் வில்லையும் வேல செஞ்சிதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். நாஷ்டா துன்னாத, வா."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. லேப் வாசலில் பாக்கியராஜ் நின்றுகொண்டிருந்தான். ரோஜாவைப் பார்த்ததும் பைக்கைத் திருப்பப் போனான்.

"பாக்கியராஜ் எதுக்கு இங்க?"

"தொணைக்கு" என்றார் மணவாளன். அது பொய் இல்லை.

லேபில் இஜாஸ் என்ற இளைஞன் கணினிக்கு முன்னால் இருந்தான். பழவேற்காட்டுக்காரன். நிதானமான பையன். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டான். ரோஜா போனை நீட்டினாள். அடையாள அட்டை கேட்டான். மணவாளன் ஆலை அட்டையை நீட்டினார். இஜாஸ் ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான், மறுபடியும் முதலாவதைப் பார்த்தான்.

"அண்ணே, அட்டையில பி பாசிட்டிவ்னு இருக்கு. ரிப்போர்ட்ல ஓ பாசிட்டிவ்னு இருக்கு."

மணவாளன் அட்டையைத் திரும்ப வாங்கப் பார்த்தார்.

"ரத்த குரூப்பு மாறுமா தம்பி?" என்று கேட்டாள் ரோஜா. "இந்த இலை, வில்லையெல்லாம் சாப்ட்டா?"

"எத சாப்ட்டாலும் மாறாதுக்கா."

"அப்ப ஓ பாசிட்டிவ் எங்கேர்ந்து வந்துது?"

சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாக்கியராஜ், உதவி செய்யும் எண்ணத்தில் திரும்பினான். "ஓ பாசிட்டிவ் என்துக்கா" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கையை எடுத்துவிட்டு, போனில் இருந்த எழுத்தையே வெறித்துப் பார்த்தான். பெயர் மணவாளனுடையது. வகை அவனுடையது. இருநூற்றுப் பதினாலும் அதே ரிப்போர்ட்டில் இருந்தது. "என்துதான் போலகீதுணா" என்றான், மிகவும் சின்னக் குரலில்.

ரோஜா கணவனைப் பார்த்தாள். அவர் ஊசியைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் கிரீம் பன்னைப் பற்றியும் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார்.

"பயமா இருக்குன்னு என்னாண்ட சொல்லியிருக்கலாம்" என்றாள் ரோஜா. அதுவரை குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உயர்ந்தது. "ஆனா நானும் கூட குடிச்சனேய்யா! அந்த தயிரு டீயி! அந்த கசாயம்! ரெண்டு மாசமா காலைலயும் சாயங்காலமும்! எவன் சர்க்கரைக்கோ நான் நாக்கு செத்து கெடந்தனே!"

வெளியே பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இஜாஸ் தொண்டையைச் செருமினான்.

"யாருக்கு மொதல்ல எடுக்கட்டும்?"

மணவாளன் பாக்கியராஜைக் காட்டினார். பாக்கியராஜ் மணவாளனைக் காட்டினான்.

"ரெண்டு பேருக்கும் எடு தம்பி" என்றாள் ரோஜா. "குப்பியில பேர மட்டும் நான் எழுதறேன்."

மணவாளன்தான் முதலில் உட்கார்ந்தார். பாக்கியராஜ் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கண்ணை இறுக மூடி, முருகா என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பதினாறு பேரைக் கூப்பிட்டார். அதில் ஆலை மேனேஜர் பெயரும் இருந்தது. "முடிஞ்சிதுண்ணே, எழுந்திரிங்க" என்று இஜாஸ் சொன்னபோது அவர் நம்பவில்லை. பாக்கியராஜின் முறை வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டது அவர்.

மதியம் ரிப்போர்ட் வந்தது. பாக்கியராஜுக்கு வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பத்தொன்று. மூன்று மாதச் சராசரியும் எக்கச்சக்கம். மணவாளனுக்கு நூற்றி எட்டு.

"நூத்தி எட்டுனா நல்லதுதான தம்பி?" மணவாளன் முகம் மலர்ந்தது. இனி மூன்று ஸ்பூன்.

"பார்டர்ல இருக்கீங்கண்ணே. இன்னும் சர்க்கர வரல. வாசல் வரைக்கும் வந்து நிக்குது."

"ஆரம்பாக்கம் மாதிரி" என்றாள் ரோஜா. "இன்னும் நாலு அடி வெச்சா ஆந்திரா."

மணவாளனின் முகம் பழைய நிலைக்கு வந்தது. இரண்டு மாதக் கசப்புதான் இறக்கியதா, அல்லது முதலிலிருந்தே அங்கேதான் நின்றதா என்று இஜாஸாலும் சொல்ல முடியவில்லை. ரோஜா மட்டும் தன் வில்லைதான் காரணம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

பாக்கியராஜ் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். "எனக்கு இதுவரைக்கும் யாரும் சர்க்கர டெஸ்டு எடுத்ததே இல்லக்கா. மொத தபா எடுத்ததுகூட அண்ணன் பேர்லதான்."

ரோஜாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அழுவாத. மாத்திர சாப்ட்டா கட்டுப்படும். நாளைக்கு டாக்டராண்ட போயிட்டு, சாயங்காலம் பிரேமாவ கூட்டினு ஊட்டுக்கு வா" என்றாள். பிரேமா அவன் மனைவி.

அரசு மருத்துவமனை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, டீயில் சர்க்கரை கூடாது, இனிப்பு வில்லையானாலும் அளவோடு போதும் என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை ரோஜா தையல் மேசையில் தன்னுடைய எல்லா டப்பாக்களையும் வரிசையாக வைத்தாள். அனுபவித்தவர் என்ற முறையில் மணவாளன் ஒவ்வொன்றையும் விளக்கினார். "இது லேட்டா வரும். இது இருமலுக்கு நல்லது. இத ஆறு தபா மட்டும் அமுக்கிடாதம்மா." பிரேமா எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுதிக்கொண்டாள்.

பாக்கியராஜ் சீனித்துளசி டீயைக் குடித்தான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சோக்கா கீதே" என்றான். கடைசியில் வரும் அந்தக் கசப்புதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றான். மணவாளனால் அதைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. ரோஜா செடியையே தொட்டியோடு தூக்கிக் கொடுத்தனுப்பினாள்.

மணவாளனுக்கு எந்த டப்பாவும் ஒத்துவரவில்லை. அவருக்கு ரோஜா கண்டுபிடித்த வழி வேறு. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, சர்க்கரையை மூன்றிலிருந்து இரண்டாக்கினாள். பத்து நாள் கழித்து ஒன்று. பிறகு அரை. எப்போது ஸ்பூன் வெறுமனே டம்ளருக்குள் சுற்ற ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. ஏழு டீ நான்கானது.

லேபுக்குப் போய்வந்த அடுத்த வாரமே மணவாளன் எபினேசர் அறைக்குப் போய், முகாமில் தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பியதை ஒப்புக்கொண்டார். யாரை என்று மட்டும் சொல்லவில்லை. எபினேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார்.

"நாளைக்கு உங்களுக்கு ஏதாவதுன்னா அந்த ரிப்போர்ட்ட வெச்சு ட்ரீட்மென்ட் குடுப்பாங்க. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. கான்ட்ராக்ட் ஆளுங்களும் அதே சூட்டுலதான் நிக்கறாங்க. அவுங்களுக்கும் எடுங்க சார். ரிப்போர்ட்டு கான்ட்ராக்டர் கைக்குப் போவக்கூடாது."

மெமோ அன்றே வந்தது. இரண்டாவது முகாம் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. அதில் ஹெல்மெட்டைக் கழற்றி, அட்டையில் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிட்ட பிறகே ஊசி. எபினேசர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது.

அதற்கு அப்புறம் பரீதாவின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒருவர் வித்தவுட் என்பார், ஒருவர் அரை என்பார், ஒருவர் பையிலிருந்து இலைப்பொடி எடுத்து நீட்டுவார், ஒருவருக்கு மனைவி போன் செய்திருப்பாள். ஒரு திங்கட்கிழமை அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யப்பா, இங்க டீ மட்டும்தான் கெடைக்கும். சர்க்கர தனியா டப்பாவுல வெச்சிருக்கேன். யாருக்கு எவ்ளோ வேணுமோ அவுங்களே போட்டுக்குங்க."

இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. எல்லோரும் பார்க்க, தன் கையால் மூன்று ஸ்பூன் போட்டுக்கொள்ளும் துணிச்சல் ஆலையில் ஒருவருக்கும் இருக்கவில்லை. பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட அரை ஸ்பூன் அள்ளி, அக்கம்பக்கம் பார்த்து, அதில் பாதியை டப்பாவிலேயே உதறினார்கள். ஒரு நாள் எபினேசரே வந்தார். பேச்சு சுவாரசியத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக் கலக்கினார். கடையே அவருடைய ஸ்பூனைப் பார்த்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் டெஸ்ட் எடுத்துட்டேன்பா. எனக்கு இல்ல."

"யார் பேர்ல சார் எடுத்தீங்க?" என்று கேட்டான் பாக்கியராஜ், மிகவும் மரியாதையாக.

பாக்கியராஜின் கால் புண் ஆற ஐந்து வாரம் ஆனது. மறுபடியும் ஷூ போட்டான். பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பினான். மூன்று மாதம் கழித்து அவனுக்கு அடுத்த பரிசோதனை வந்தபோது, மணவாளனும் ரோஜாவும் இஜாஸின் லேபுக்குத் துணைக்குப் போனார்கள். அவன் ரத்தம் கொடுத்து முடித்ததும் மணவாளன் மனைவியைக் கேட்டார்.

"நீ எப்ப எடுத்த டெஸ்டு?"

"எனக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாதான கீறேன்" என்றாள் ரோஜா. சொல்லி முடிப்பதற்குள் மூன்று ஆண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மணவாளன் தைரியமாகப் பக்கத்தில் நின்றார். ஊசியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு. அந்தத் தாளை லேமினேஷன் செய்து தையல் மிஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருபவர்கள் அதைப் படித்த பிறகுதான் கையைத் தூக்க வேண்டும்.